என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பொருள்கள்

மூளை நரம்பணுக்களின் படலத்தில் உள்ள என்எம்டிஏ வகைக் குளூட்டமேட் ஏற்பிகளைத் தேடிப் பற்றும் புரதங்கள் என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பொருள்கள் எனப்படும். அந்த ஏற்பி எங்கே, எவ்வளவு உள்ளது என்பதை ஆய்வுக்கூடத்தில் காட்டித் தருபவை இவையே. நோயாளியின் உடலில் தாமாக உருவாகி நினைவைக் குலைப்பவையும் உண்டு.

இந்த ஏற்பி நான்கு துணையலகுகளால் ஆனது. அவற்றில் இரண்டு குளூஎன்1; மற்ற இரண்டும் பெரும்பாலும் குளூஎன்2 வகை. குளூட்டமேட் வந்து சேரும் வேளையில் நரம்பணுவும் தூண்டப்பட்டிருந்தால்தான் வாயிலை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகிக் கால்சியம் உள்ளே பாயும்; நரம்பிணைப்பு வலுப்பட அதுவே தொடக்கம். இந்த வலுப்பாட்டை டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயலின் ஹிப்போகாம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப்பகுதி) கண்டு 1973இல் விவரித்தனர். 1986இல் ரிச்சர்ட் மோரிஸ் குழுவினர் இந்த ஏற்பியைத் தடுக்கும் ஏபி5 என்ற பொருளை எலிகளுக்குச் செலுத்தினர். நீர்த்தொட்டிக்குள் மறைந்திருந்த மேடையின் இடத்தைக் கற்க அவை தடுமாறின.

1991இல் குளூஎன்1 மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. அதன்பின் புரதத்தின் ஒரு சிறு துண்டைச் செயற்கையாகச் செய்து முயலுக்கோ சுண்டெலிக்கோ செலுத்தி எதிர்ப்பொருளைப் பெறுவது வழக்கமாயிற்று. எந்தத் துண்டு என்பது முக்கியம். செல்லுக்கு வெளியே நீட்டியிருக்கும் முனையைப் பற்றும் எதிர்ப்பொருள், உயிருள்ள செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளை மட்டும் காட்டும். உள்முனையைப் பற்றுவது, செல்லைத் துளைத்த பிறகே உதவும்.

புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் குளூஎன்1 சுமார் 120 கிலோடால்டன் அளவிலும், குளூஎன்2பி சுமார் 180 அளவிலும் பட்டையாகத் தெரியும். மூளைச் சீவலில் வேலை அவ்வளவு எளிதல்ல. திசுவைப் பதப்படுத்தும் ஆல்டிஹைடு, நரம்பிணைப்பின் அடர்ந்த புரதத் திரளை இறுக்கிவிடும். எதிர்ப்பொருள் உள்ளே நுழையாது. ஏற்பி மிகுந்த இடமே வெறுமையாகத் தோன்றும் ஏமாற்று இங்கே நிகழ்கிறது. சீவலைப் பெப்சின் நொதியால் சற்றே செரிக்கச் செய்தால் மறைந்த ஏற்பிகள் தெரியவரும் என்பதை மசாஹிகோ வத்தனாபே குழுவினர் 1998இல் காட்டினர்.

ஓர் எதிர்ப்பொருளை நம்பலாமா என்பதற்கு உறுதியான சோதனை, அந்தப் புரதமே இல்லாத விலங்கில் அதைச் சோதிப்பதுதான். விற்பனையாளர் தரும் சான்றிதழ் இதற்கு ஈடாகாது. குளூஎன்1 முற்றிலும் இல்லாத சுண்டெலிக் குட்டிகள் பிறந்த சிறிது நேரத்தில் இறந்துவிடும். எனவே 1996இல் சுசுமு டோனெகாவாவின் ஆய்வுக்கூடம் ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதியில் மட்டும் இம்மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கியது பெரிய உதவி. இடநினைவு குன்றிய அந்த விலங்கின் சீவலில், நல்ல எதிர்ப்பொருளின் சாயம் சிஏ1இல் மங்கி, அடுத்துள்ள சிஏ3இல் அப்படியே நிற்க வேண்டும்.

2007இல் ஜோசப் டால்மாவ் குழுவினர் டெரட்டோமா கட்டி உள்ள பெண்களிடம் மனக்குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவற்றை உண்டாக்கும் மூளையழற்சியை விவரித்தனர். குளூஎன்1இன் வெளிமுனையைப் பற்றும் எதிர்ப்பொருளே அதன் காரணம். அதன் இரு கரங்களும் இரண்டு ஏற்பிகளைப் பிணைக்க, செல் அவற்றை உள்ளிழுத்துக்கொள்கிறது. எதிர்ப்பொருள் நீங்கினால் ஏற்பிகள் மேற்பரப்புக்கு மீள்கின்றன. பலர் குணமடைவதற்கு இதுவே காரணம். உயிருள்ள செல்லில் இரு கரங்கள் கொண்ட எதிர்ப்பொருளைச் சேர்க்கும் ஆய்வாளரும் இதே இடப்பெயர்ச்சியைத் தூண்டிவிடக்கூடும். அதனால் அத்தகைய சோதனைகளில் ஒற்றைக் கரமுள்ள ஃபேப் துண்டுகளையோ நானோபாடிகளையோ பயன்படுத்துகின்றனர்.