மச்சான் பிடித்த கயிறும் இரண்டாவது சிலிண்டரும்

சுழியோடப் போகிறவருக்கு முதுகில் ஒரு சிலிண்டர் போதுமா, பக்கத்தில் அவசரத்துக்கு இன்னொன்றும் வேணுமா? இது பாசிக்குடாவுக்கு வாற உல்லாசப் பயணிகளின் தலையிடி எண்டுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். சாகாமத்தில் நமக்குக் குளம்தான் தண்ணி, கடல் திருக்கோவில் பக்கம் கிடக்கு. ஆனால் இந்தக் கேள்வி நம் கடல்களில் சிலிண்டர் வருவதற்கு முந்தியே இருந்தது.

மன்னார் முத்துக் குளிப்பை எடுத்துக்கொள்வோம். 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அங்கே அள்ளினார்கள். கீழக்கரை, தொண்டி ஆட்களும் அரபிகளும் குளித்தார்கள். கல்லில் கால் வைத்து இறங்குவது, ஒரு நிமிசம் போலப் பொறுக்குவது, கயிற்றை இழுத்துச் சைகை காட்டுவது. மேலே நிற்கிறவர் தூக்கிவிடுவார். அரபிகள் மூக்குக்குக் கவ்வி போட்டார்கள், நம்மவர்கள் கையால் பொத்தினார்கள். இருவருக்கும் மேலதிகக் காற்று எண்டு ஒன்றும் இல்லை. இருந்தது கயிறு பிடித்த ஆள். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் குடுக்கிறது, தன் தங்கச்சி கைம்பெண்ணாக அவன் விடமாட்டான் எண்டு ஒரு கதை உண்டு. ஆவணத்தில் உள்ளதல்ல, வாய்க்கதைதான். ஆனாலும் குடிவழியைத் தாய்ப்பக்கம் எண்ணுகிற நம்ம கரையில் அதை நம்பாதவர் குறைவு.

மறுகா 1943. பிரான்சில் குஸ்தோவும் கான்யானும் சேர்ந்து, மூச்சிழுக்கும்போது மட்டும் காற்றுத் தருகிற ரெகுலேட்டரை உருவாக்கினார்கள். யுத்தகாலத்தில் காருக்கு எரிவாயு விடச் செய்த வால்வுதான் அதற்கு அடி. சுழியோடி மீனைப்போலத் திரியலாம் எண்டு உலகம் கொண்டாடியது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இலங்கைக்கு வந்து திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தது இந்தக் கருவியால்தான். ஆனால் கயிறு போனதோடு கயிறு பிடித்தவரும் போய்விட்டார். இதைக் கொண்டாட்டத்தில் யாரும் கணக்கெடுக்கவில்லை எண்டுதான் நாம் நினைக்கிறோம்.

அந்த இடைவெளியை இயந்திரத்தால் நிரப்பப் பார்த்தார்கள். முதலில் ஒரு நெம்பு வால்வு. காற்றுக் குறைந்ததும் மூச்சு இறுகும். கம்பியை இழுத்தால் மிச்சம் வரும். அந்தக் கம்பி கல்லில் தட்டி முந்தியே இறங்கியிருந்தால் மிச்சமும் சொல்லாமல் தீர்ந்திருக்கும். பிறகு அழுத்தமானி வந்தது, கூட வாற சோடிக்குக் கொடுக்க இரண்டாவது வாய்க்குழாயும் வந்தது. அதுவும் அதே சிலிண்டரில்தான் தொங்குகிறது. சிலிண்டர் தீர்ந்தால் இரண்டு வாயும் ஊமை.

கணக்கைப் பார்ப்போம். 12 லீற்றர் சிலிண்டரை 200 பார் வரை நிரப்பினால் 2400 லீற்றர் காற்று. (நம்ம ஊரில் 'ஒக்சிசன் சிலிண்டர்' எண்டு சொல்வார்கள், உள்ளே இருப்பது சாதாரணக் காற்று.) கரையில் நிமிசத்துக்கு 20 லீற்றர் இழுப்பவர், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே மூழ்கடித்த ஹேர்மிஸ் கப்பலுக்குப் போனால், அது ஏறத்தாழ 53 மீட்டரில் கிடப்பதால், 126 லீற்றர் இழுப்பார். பத்தொன்பது நிமிசத்தில் எல்லாம் முடியும். பயந்த ஆள் அதைவிட இரண்டு மடங்கு இழுப்பார். 3 லீற்றர் குட்டிச் சிலிண்டரில் உள்ள 600 லீற்றர், 20 மீட்டரில் இருந்து ஆறுதலாக மேலே வரப் போதும். ஹேர்மிஸில் இருந்து மேலே வரவே காணாது. இடையில் நின்று நைதரசனைக் கழிக்கிற நேரம் வேறு. அங்கே போகிறவருக்கு இரட்டைச் சிலிண்டர்தான் வேணும். குட்டியை நம்பி இறங்குவது ஏமாத்து.

நமக்கு ஹேர்மிஸை விட முக்கியம் கடலட்டைக்கு இறங்குகிறவர்கள். அவர்கள் ஒரே நாளில் பல சிலிண்டர் முடிப்பார்கள். கரையோர அட்டை குறைந்ததால் வருசா வருசம் ஆழம் கூடுகிறது. சோடியாக நீந்தினால் கூடை நிரம்பாது, ஆளுக்கொரு பக்கம் பிரிந்தால்தான் காசு. பயிற்சி வகுப்புகளில் சொல்லும் 'சோடியிடம் காற்றுக் கேள்' என்கிற அறிவுரை அங்கே செல்லாது. அதனால் இரண்டாவது சிலிண்டர் யாருக்குக் கட்டாயம் எண்டு கேட்டால் நாம் முதலில் இவர்களைத்தான் சொல்வோம், பயணிகளை அல்ல.

ஒரு சிக்கல் இருக்கிது. வேலைக்காரன் கையில் இரண்டாவது சிலிண்டர் கிடைத்தால் அதையும் அட்டை பொறுக்கவே பாவிப்பான். பத்து நிமிசம் கூடுதலாகக் கீழே நின்றால் நைதரசனும் கூடும், வாதம் வரும். ஆகவே போட்டில் நிற்கிறவர் ஒவ்வொரு இறக்கத்துக்கும் முந்திக் குட்டிச் சிலிண்டரின் மானியைப் பார்க்கட்டும். குறைந்திருந்தால் அண்டைக்கு இனி இறக்கம் இல்லை. அதன் காசைச் சுழியோடியின் பங்கில் கழிக்கவும் கூடாது. போட் முதலாளியின் செலவுக் கணக்கில், எண்ணெய்க்கும் ஐசுக்கும் பக்கத்தில் அது வரட்டும்.