விடியற்காலைப் பாடம்

ஏர்க்காட்டில் ஒரு மழைக்காலம் முழுவதும் நான் பள்ளிக்கூடம் நடத்தினேன். மாணவி ஒருத்தி, என் பெண். ஆசிரியை ஒருத்தி, நான். காய்ச்சலில் விழுந்து எழுந்த குழந்தையை மூன்று மாதம் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம், மலைக் காற்றில் வைத்திருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாடந்தானே, நாமே சொல்லிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். கதை எழுதுகிறவளுக்குக் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியாதா?

தெரியவில்லை. கணக்குத் தெரியாமல் இல்லை. கணக்கில் நிற்கத் தெரியவில்லை. "பதினேழில் ஒன்பது போனால்..." என்று ஆரம்பிப்பேன். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கும். பாதியில் நின்றுபோன அத்தியாயத்தின் கதாநாயகி அந்தப் பனிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பாள். அவளோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழியும். துடைத்துவிட்டு வந்தால் சிலேட்டில் ஒரு பூனை இருக்கும்.

"எட்டுன்னு நான் எப்பவோ சொல்லிட்டேம்மா. நீதான் கேக்கவே இல்லை" என்பாள் குழந்தை.

அவள் குற்றம் சாட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அந்த மலையில் இப்படித் திண்டாடிய தாய் நான் ஒருத்திதானா என்று யோசித்துப் பார்த்தேன். இருக்க முடியாது. சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன். அவருக்குப் பின்னால் வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஏறி வந்தார்கள். சுமார் ஐயாயிரம் அடி உயரத்தில், ஒரு பங்களாவுக்கும் அடுத்த பங்களாவுக்கும் இடையே காடும் பள்ளத்தாக்குமாகக் குடியிருந்தார்கள். 1853-இல் மாதாகோயில் கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குத்தான் வெகு காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. கன்னிகாஸ்திரீகளின் சேக்ரட் ஹார்ட் பள்ளி வந்தது 1894-இல். பையன்களுக்கான மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல். அதற்கு முன்னால் இந்த மலையில் பிறந்த துரைமார் வீட்டுக் குழந்தைக்கு முதல் எழுத்தை யார் சொல்லிக் கொடுத்திருப்பார்? பெரும்பாலும் தாய்தான்.

அந்தத் துரைசானியை என்னால் கண்முன் நிறுத்திப் பார்க்க முடிகிறது. அது என் தொழில். காலையில் சமையற்காரன் கணக்கோடு வந்து நிற்பான். மார்கழியில் பழம் பறிக்கும் சமயம் என்றால் துரை விடியுமுன்பே தோட்டத்துக்குப் போயிருப்பார். கைக்குழந்தைக்குச் சுரம். கீழேயிருந்து தபால் வந்திருக்கும். அதில் ஊரிலிருந்து ஒரு கடிதமும் இருந்துவிட்டால் அன்றைய பாடத்துக்கு அதோடு முழுக்கு. புத்தகத்தின் மேல் கண் இருக்கும். மனசு ஆறு வாரக் கப்பல் தூரத்துக்கு அப்பால் இருக்கும்.

ஆனால் அவளுடைய கவனச் சிதறலுக்கு இருந்த விலை என்னுடையதைவிடப் பெரிது. பாடம் நடக்கவில்லையென்றால் எனக்கு நஷ்டம் ஒரு கழித்தல் கணக்கு. அவளுக்கோ, குழந்தையையே சீமைக்குக் கப்பலேற்ற வேண்டியதுதான். பாடம் நடந்தாலும், ஏழெட்டு வயதில் எப்படியும் அனுப்பத்தான் செய்தார்கள். வீட்டுப் பாடம் வாங்கிக் கொடுத்தது இரண்டு மூன்று வருஷ அவகாசம், அவ்வளவுதான். அந்த இரண்டு மூன்று வருஷம் அற்பம் என்று எண்ணுகிறவர்கள் கிப்ளிங்கின் சுயசரிதையைப் பார்க்க வேண்டும். பம்பாயில் பிறந்த அவரை 1871-இல், ஆறு வயது நிறையுமுன்பே, மூன்று வயதுத் தங்கையோடு இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தில் விட்டுவிட்டு வந்தார்கள் பெற்றோர். ஐந்து வருஷங்களுக்கு மேல் கழித்துத் தாய் போய், இரவில் முத்தம் கொடுக்கக் குனிந்தபோது, அடி விழப்போகிறது என்று நினைத்துப் பையன் கையைத் தூக்கித் தடுத்தானாம்.

இந்தத் தாய்மார்களுக்கு உபகாரம் செய்தவள் கல்யாணமே செய்துகொள்ளாத ஒரு பெண்மணி. சார்லட் மேஸன் என்று பெயர். 1886-இல் வீட்டுக் கல்வியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். 1891-இல் தபால் மூலமாகவே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தாள். பருவத்துக்கு ஒரு முறை பாடத் திட்டம் தபாலில் போகும். பரீட்சைக் கேள்விகளும் தபாலில் போகும். விடைகள் திரும்பி வரும். கடல் கடந்து வாழ்ந்த ஆங்கிலக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

அவளுடைய முறையில் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தப் பாடமும் இருபது நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு பகுதியை ஒரே ஒரு தடவைதான் படிக்கலாம். உடனே குழந்தை தன் வார்த்தையில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை கிடையாது என்று தெரிந்தால் காது தானே கூர்மையாகும் என்பது அவள் கட்சி. குழந்தைக்காக வகுத்த விதி என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதிக்கு மேல் தாய்க்காக வகுத்தது என்பது என் அபிப்பிராயம். இருபது நிமிஷம் வரை எந்தக் கதாநாயகியையும் வாசலில் காக்க வைத்துவிடலாம். ஒரு மணி நேரம் என்றால் அவள் உள்ளே வந்துவிடுகிறாள்.

அந்த மாதாகோயிலில் ராபர்ட் புரூஸ் பூட் என்பவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே, அந்தப் பூகர்ப்ப சாஸ்திரிதான். ஏர்க்காட்டில் வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தவர். வருஷம் முழுவதும் கூடாரமும் சுத்தியலுமாகத் திரிந்த மனிதர். அப்படிப்பட்ட தகப்பனுக்கு வீட்டில் கவனம் ஏது? ஆனால் 1884-லும் 85-லும் கர்நூல் பக்கத்துப் பில்ல சுர்கம் குகைகளைத் தோண்டி ஆராய்ந்தவர், பட்டாளத்தில் உத்தியோகஸ்தராக இருந்த அவருடைய மகன் ஹென்றி. தகப்பனுடைய கவனம் எந்தப் பக்கம் ஓடிற்றோ, அந்தப் பக்கமே மகனும் போய்ச் சேர்ந்திருக்கிறார்!

துரைசானிகளுக்குச் சமையற்காரனும் ஆயாவும் இருந்தார்கள். அவர்கள் யாரும் இல்லாமல் பாடம் சொன்ன ஒரு தாயைப் பற்றித்தான் இத்தனை நேரமும் சொல்ல நினைத்தேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலம் என்ற காடு. அனந்த சாஸ்திரி டோங்கரே என்ற பண்டிதர் அங்கே ஆசிரமம் போல் ஒரு வீடு கட்டிக்கொண்டு, தம் இளம் மனைவி லக்ஷ்மிபாய்க்கு சம்ஸ்கிருதம் கற்பித்தார். பெண்ணுக்கு தேவபாஷையா என்று ஊரில் எழுந்த கூச்சலுக்குத்தான் காட்டுக்கே போனார். அங்கே 1858-இல் பிறந்த பெண் ரமாபாய். ஆறு மாதக் குழந்தையைப் பிரம்புப் பெட்டியில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். அன்று முதல் அந்தக் குடும்பத்துக்கு வீடு என்று ஒன்று இல்லை. க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகப் போய்ப் புராணம் வாசிப்பது, கிடைத்ததைச் சாப்பிடுவது.

ரமாபாய்க்கு எட்டு வயதானபோது தகப்பனாருக்கு எழுபது நெருங்கிவிட்டது. பாடம் தாயின் தலையில் விழுந்தது. லக்ஷ்மிபாய்க்கோ பகலில் ஒரு நிமிஷம் ஓய்வில்லை. தண்ணீர் எடுப்பதும் சமைப்பதும் கிழவரைக் கவனிப்பதுமாகப் பொழுது போய்விடும். அவள் கண்டுபிடித்த வழி விடியற்காலை. இருட்டுப் பிரியுமுன், வேலைகள் விழித்துக்கொள்ளுமுன், மண் தரையில் தூங்கும் பெண்ணைத் தூக்கி மடியில் வைத்து, கொஞ்சிக் கொஞ்சி எழுப்புவாள். புத்தகம் கிடையாது. அம்மா சொல்வாள், பெண் சொல்வாள். பட்சிகள் கூவத் தொடங்கும்போது பாடம் முடிந்திருக்கும். ஏறக்குறைய ஏழு வருஷம் இப்படி நடந்தது. பன்னிரண்டு வயதில் பதினெண்ணாயிரம் சுலோகம் அவளுக்கு மனப்பாடம் என்று சொல்வார்கள்.

பெற்றோர் இருவரும் பஞ்சத்தில் பட்டினியில் மாண்டார்கள். தகப்பனார் 1874-இல், பின்னாலேயே தாய். தமையனோடு கால்நடையாகத் தேசம் சுற்றிய ரமாபாய் 1878-இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தாள். அங்கே பண்டிதர்கள் சபை கூடிப் பரீட்சித்து, 'பண்டிதா' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் கொடுத்தது. அவ்வளவும் பொழுது புலராத வேளையில் ஒரு சமையலறைக்காரியிடம் கற்றது. 1887-இல் மேல்சாதி இந்துப் பெண்ணின் நிலையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதியபோது அதைத் தாயின் நினைவுக்கே சமர்ப்பணம் செய்தாள்.

ஆனால் தன் பெண்ணுக்கு அந்த விடியற்காலையை ரமாபாயால் கொடுக்க முடியவில்லை. கணவர் கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் காலராவில் போய்விட்டார். குழந்தை மனோரமா பிறந்தது 1881-இல். 1886-இல் தாய் அமெரிக்காவுக்குப் போனாள்; விதவைகளுக்குப் பள்ளி நடத்தப் பணம் சேர்க்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தாள். ஐந்து வயதுக் குழந்தையை இங்கிலாந்தில் வான்டேஜ் என்னும் ஊரிலிருந்த கன்னிகாஸ்திரீகளிடம் திருப்பி அனுப்பிவிட்டாள். 1889-இல் பம்பாயில் சாரதா சதனம் திறந்தது. அங்கே எத்தனையோ வீட்டுப் பெண்களுக்கு அகரம் கற்பித்த தாய், தன் மகளைப் பிரிந்திருந்த காலங்களில் அவளுக்குக் கடிதம்தான் எழுதிக்கொண்டிருந்தாள். மனோரமா அதற்காகக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. வளர்ந்து வந்து தாயின் பள்ளிகளில் அவளுக்கு வலக்கையாக இருந்தாள். 1921-இல், தாய்க்கு முன்பாகவே போய்விட்டாள். தாய் அடுத்த வருஷம்.

இதையெல்லாம் படித்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு நானும் என் பெண்ணை எழுப்பினேன். கொஞ்சித்தான் எழுப்பினேன். கம்பளிக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"உன் கதைல வர அக்கா இன்னும் எழுந்துக்கலையாம்மா?"

"இல்லை. தூங்கறா."

"அப்ப சரி" என்று எழுந்து உட்கார்ந்தாள். பால்காரன் மணி அடிக்கும் வரையில் பதினைந்து நிமிஷம் கழித்தல் கணக்குப் போட்டோம்.