காதில் விழுந்ததும் கருத்தில் நின்றதும்

செஞ்சிக்கும் விழுப்புரத்திற்கும் இடையே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பாறையைக் குடைந்து, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு கோயிலை அமைத்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி இதனை விசித்திரசித்தன் என்னும் அரசன் ஆக்குவித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு கூறுகிறது. மகேந்திரன் என்ற பெயரே அதில் இல்லை. விசித்திரசித்தன் என்பது யாருடைய விருதுப்பெயர் என்று அறியாதவனுக்கு, எழுத்து புரிந்தாலும் செய்தி புரியாது.

அவ்வரசனுக்கே சித்திரகாரப்புலி என்றும் ஒரு விருதுண்டு. ஓவியர்களுள் சிறந்தவன் என்பது அதன் பொருள். 'கணக்கிலே புலி' என்று இன்றும் பேசுகின்ற நமக்கு அது எளிதில் விளங்கும். அகராதியை மட்டும் நம்பும் அயல்நாட்டானோ, அரசவையில் ஏது விலங்கு என்று திகைப்பான்!

இதே திகைப்பைத்தான் இன்று நம் இல்லங்களில் காண்கிறோம். தொலைக்காட்சியில் ஆங்கில நாடகம் ஓடுகிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலம் கற்ற பிள்ளைகளுக்கே பாதி உரையாடல் பிடிபடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரிக்க, புரியாதவர் நாணித் தலை குனிகிறார். இந்த நாணம் தேவைதானா?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 1974 முதல் 1981 வரை பி.பி.சி. தொலைக்காட்சி ஒரு நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பியது. 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' என்பது அதன் பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'பாதி வெப்பம்கூட இல்லை, அம்மா' என்றாகும். உண்மைப் பொருளோ நேர்மாறானது: 'வெயில் தாங்க முடியவில்லை, அம்மா!' 'வெயிலா இது? கொஞ்சநஞ்சமல்ல!' என்று நாம் சொல்வதில்லையா? குறைவை மறுத்து மிகுதியைக் காட்டும் அதே வழக்குத்தான் இது.

அத்தொடரின் கதை தொடங்கும் இடம், நாசிக் நகருக்கு அருகிலுள்ள தேவ்லாலி இராணுவ முகாம். இந்தியாவில் பணி முடிந்த ஆங்கிலச் சிப்பாய்கள் தாயகம் செல்லும் கப்பலுக்காக அங்கே நெடுநாள் காத்துக் கிடந்ததுண்டு. காத்திருப்பின் சலிப்பில் சித்தம் கலங்கியவர்களும் உண்டு. அதனால் மனம் பேதலித்தவனை 'டூலாலி' என்று கேலியாகக் குறிக்கும் வழக்கு ஆங்கிலத்தில் பிறந்தது. லண்டனில் இன்று அச்சொல்லைக் கூறுவோருள் எத்தனை பேர் மராட்டியத்து ஊர் ஒன்றின் பெயரைச் சொல்கிறோம் என்று அறிவர்?

இன்னும் கேளுங்கள். போர்க்கதைகளில் சிப்பாய்கள் இங்கிலாந்தை 'பிளைட்டி' என்று ஏக்கத்தோடு சொல்வார்கள். அரபியிலிருந்து உருதுவுக்கு வந்த 'விலாயத்' என்னும் சொல்லே அதன் மூலம். நாம் 'சீமை' என்றோமே, அதுதான். முதல் உலகப் போரில், ஊருக்குத் திருப்பி அனுப்பப் போதுமான காயத்திற்கே 'பிளைட்டி' என்ற பெயர் வழங்கியது. காயம் பட்டவன் மகிழ்ந்தான் என்பது எத்துணைத் துயரமான வரலாறு! சிரமமற்ற வேலையை 'குஷி' என்கிறார்கள். அது நம் வீட்டுக் குஷியேதான், பாரசீகத்திலிருந்து வந்தது. 'ஒரு டெக்கோ பார்' என்பதில் ஒளிந்திருப்பது 'தேக்கோ' என்னும் இந்துஸ்தானிச் சொல். புரியவில்லை என்று நாம் வெட்கப்படும் சொற்களுள் சில, நம் நாட்டு முகாம்களிலும் கடைவீதிகளிலும் பிறந்து கடல் கடந்தவை.

ஆனால் கேட்ட காது எப்போதும் கருத்தைக் கேட்பதில்லை. முஹர்ரம் ஊர்வலங்களில் கர்பலாவின் துயரை நினைந்து, 'யா ஹஸன்! யா ஹுஸைன்!' என்று மக்கள் கதறினார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பேரர்களின் பெயர்கள் அவை. ஆங்கிலச் சிப்பாயின் காதில் அக்கதறல் 'ஹாப்சன்-ஜாப்சன்' என்று விழுந்தது, வேடிக்கைச் சொல்லாயிற்று. ஹென்றி யூலும், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதிக்கும் அதுவே பெயராயிற்று. ஒரு சமூகத்தின் அழுகை, இன்னொரு சமூகத்தின் அகராதிக்குத் தலைப்பு!

அயலார் காது மட்டுமா இப்படிக் கேட்கும்? மண்டகப்பட்டை அடுத்த செஞ்சிக்கு வருவோம். பீஜப்பூர்ப் படை 1649இல் கைப்பற்றிய அக்கோட்டை, பின்னர் மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர் கைகளில் மாறி 1761இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இத்தனை மொழிகள் உலவிய மண்ணில், ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது 1714இல் வீழ்ந்தவன் தேஜ்சிங். தமிழ்க் காது அவனைத் தேசிங்கு ஆக்கியது. அவனுக்காக உயிர் கொடுத்த நண்பன் மஹபத் கானை, கதைப்பாடல் மோவுத்துக்காரன் என்று அழைத்தது. நாமும் பெயர்களைத் திரித்தோம். ஆயினும் ஓர் இராஜபுத்திரனையும் ஒரு முஸ்லிம் வீரனையும் பிரிக்காமல், அவர்களுடைய நட்பை நெஞ்சில் வைத்துப் பாடினோம். ஒலி பிழைத்தது; உள்ளம் பிழைக்கவில்லை.

ஆதலின், தொலைக்காட்சியில் ஒரு தொடர் விளங்காதபோது அகராதியைப் புரட்டுமுன் மூன்றைக் கவனியுங்கள்: சொல்பவர் யார்? யாரிடம் சொல்கிறார்? எந்த நிலையில் சொல்கிறார்? பாதிப் பொருள் அங்கேயே கிட்டிவிடும். எஞ்சியதைப் பிள்ளை கேட்டால் நகையாமல் சொல்லுங்கள். தெரியாவிடில் அவனோடு சேர்ந்து தேடுங்கள். மண்டகப்பட்டின் விசித்திரசித்தன் யார் என்பதையும் உலகம் அப்படித் தேடித்தான் அறிந்தது.