நிறுத்தி வெச்ச இளவரசன்

ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப்ல சார் பார்க்காத நேரமாப் பார்த்து டாஸ் கேம் ஆடினவங்களுக்கு இவனைத் தெரிஞ்சிருக்கும். வெள்ளை டிரெஸ், 60 நிமிஷம் டைம், அதுக்குள்ள இளவரசியைக் காப்பாத்தணும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. ஒரே ஆள் நாலு வருஷம் விடாம உட்கார்ந்து செஞ்ச கேம்னு சொல்வாங்க. அந்த 'விடாம' மட்டும் உண்மை இல்லை. நடுவுல பல மாசம் அவர் அதை ஓரமா வெச்சிருந்தார். எனக்கு அந்த இடைவெளிதான் சுவாரசியம்.

அவர் பேரு ஜோர்டன் மெக்னர். காலேஜ் படிக்கும்போதே கராத்தேகான்னு ஒரு கேம் எழுதினார். 1984-ல பிராடர்பண்ட் கம்பெனி வெளியிட்டது, ஹிட். 1985-ல அடுத்த கேமுக்காகத் தம்பி டேவிடை ஒரு பார்க்கிங் லாட்ல ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்தார். அதை ஃப்ரேம் ஃப்ரேமா போட்டோ எடுத்து, உருவத்தை மார்க்கர்ல வரைஞ்சு, ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்குள்ள ஏத்தினார். அசைவு அப்படியே உயிரோட வந்துச்சு. ஆனா ஓடுற பையன் இருக்கான், ஆட கேம் இல்லை.

அவருக்கு மனசெல்லாம் சினிமா. கேமை நிறுத்திட்டு திரைக்கதை பக்கம் போயிட்டார். படம் ஆகலை. திரும்பி வந்தார்.

வந்து பார்த்தா எது கெட்டுப்போயிருந்தது? கோட் இல்லை, தம்பியோட அசைவும் இல்லை. காலுக்குக் கீழே இருந்த தரைதான் நகர்ந்துக்கிட்டு இருந்தது. ஆப்பிள் 2-வோட காலம் முடிஞ்சுக்கிட்டு இருக்கு, ஐபிஎம் பிசி மேலே வருது. இந்த இடத்துல நம்மள்ல பாதிப் பேர், 'புது பிளாட்ஃபார்முக்கு மாத்தி முதல்ல இருந்து எழுதலாம்'னு ஆரம்பிப்போம். அங்கேதான் புராஜெக்ட் சாகும். எழுதினது எல்லாம் 6502 அசெம்ப்ளி, அப்படியே தூக்கிட்டுப் போக முடியாது. அவர் ஆப்பிள் 2-லயே முடிக்கிறதுன்னு இருந்தார்.

கேம் இன்னும் சப்புன்னுதான் இருந்தது. கூட வேலை பார்த்த தோழி டோமி பியர்ஸ் 'சண்டை வேணும்'னு விடாம நச்சரிச்சாங்க. எதிரியை வரைய மெமரியில இடம் இல்லைன்னார் மெக்னர். அப்புறம் ஒரு வழி தோணுச்சு: இளவரசனோட படத்தையே ஒரு பிட் தள்ளி, அதோடவே எக்ஸ்-ஆர் பண்ணினா? உள்பக்கம் அழிஞ்சு, மினுமினுக்கிற வெளிக்கோடு மட்டும் மிஞ்சும். புதுப் படமே தேவையில்லை. கண்ணாடியிலிருந்து குதிச்சு வர்ற நிழல் மனுஷன் பிறந்தது அப்படித்தான். அவனை வெட்டினா நமக்கே அடிபடும். வாளை உறையில போட்டாத்தான் ரெண்டு பேரும் ஒண்ணாவாங்க. மெமரிப் பஞ்சத்துல வந்தவன்தான் அந்தக் கேமோட ஆன்மான்னு நான் சொல்வேன். அதுக்கப்புறம் மெமரியைச் சுரண்டி இடம் பண்ணி காவலர்களையும் கொண்டுவந்தார். வாள்வீச்சு 1938-ல வந்த ராபின் ஹூட் படத்துலேருந்து எடுத்தது. பின்னணி இசை அவங்க அப்பாவோடது.

1989-ல வெளிவந்தது. பயந்த மாதிரியே ஆப்பிள் 2-ல பெருசா ஓடலை. மத்த கம்ப்யூட்டர்களுக்கும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போன வெர்ஷன்கள்தான் காப்பாத்துச்சு. நம்ம லேபுக்கு வந்த டாஸ் வெர்ஷனும் அதுல ஒண்ணு.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? மனுஷன் அந்த வருஷமெல்லாம் டைரி எழுதியிருக்கார். 2011-ல புத்தகமாவே போட்டார். விட்டுட்டுப் போன வேலைக்குத் திரும்புறவங்களுக்கு எந்த டுடோரியலை விடவும் அது உதவும். 'இதைத் தொடரணுமா'ங்கிற குழப்பமும் அதுல அப்படியே இருக்கு.

இன்னொண்ணு. ஒரிஜினல் சோர்ஸ் கோட் தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்தார். 2012-ல அவங்க அப்பா வீட்டுல ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார், உள்ளே பழைய ஃப்ளாப்பிகள். 20 வருஷத்துக்கு மேல ஆன டிஸ்க்குகளைத் தெரிஞ்சவங்க வந்து கவனமாப் படிச்சு எடுத்தாங்க. இப்ப அது கிட்ஹப்ல இருக்கு. அடுத்த எபிசோடுல அந்த நிழல் மனுஷன் கோடை வரி வரியாப் பார்ப்போம்.