பித்தளைக் கோதும் மறோன் கொட்டையும்

லில் நகரத்துப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அடுத்தநாள் ஞாயிற்றுக்கிழமை. தெருவோரம் பழைய சாமான்களைப் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பீங்கான் கோப்பைகள், கால் உடைந்த கதிரை, பழைய இசைத்தட்டுகள்... நடுவில் ஒரு பித்தளைப் பூச்சாடி. விலை பன்னிரண்டு யூரோ.

கையில் தூக்கி அடியைத் திருப்பிப் பார்த்தேன். எங்கட சனத்துக்கு அதை அடையாளம் காண அதிக நேரம் தேவையில்லை. ஷெல் கோது. எங்களுடைய பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்கியதும் ஒரு கோதுதான். அதன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"இதைப் போய் வீட்டுக்குள்ள கொண்டுவரப் போறியளே?" என்றா மனுசி. நான் காசைக் கொடுத்துவிட்டேன்.

காரணம் அதன் அடியில் இருந்த குறிகள். முதலாம் உலகப்போரில் பிரித்தானியர் பாவித்த 18 இறாத்தல் பீரங்கியின் கோது அது. 1915 என்று பொறித்திருந்தது. அதற்குப் பக்கத்தில், மறுபடி மறுபடி நிரப்பியதைக் காட்டும் முத்திரைகள். பீரங்கி சுடும்போது குண்டு மட்டும்தான் பறந்து போகும். வெடிமருந்து இருந்த பித்தளைக் கோது பீரங்கியடியிலேயே விழும். அவற்றைப் பொறுக்கி, கணக்கெழுதி, கப்பலில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பி, வெடிப்புக் கீறல் உண்டா என்று பார்த்து, மறுபடி மருந்து அடைத்து முன்னரங்குக்கு அனுப்பினார்கள். ஒரு கோது பல தடவை போருக்குப் போய்வந்தது. ஆறுதலாக இருக்கும் நேரங்களில் சிப்பாய்கள் அதில் பூக்கொடி செதுக்கிச் சாடி செய்தார்களே, சட்டப்படி பார்த்தால் அது அரசாங்கச் சொத்தைத் திருடிய குற்றம்.

உலகத்தின் கால்வாசியை ஆண்ட சாம்ராச்சியம் பித்தளைக் கோதுகளை எண்ணி எண்ணிப் பொறுக்கவேண்டி வந்தது ஏன்? அதற்கு அங்கிருந்து அரைமணித்தியாலக் கார் ஓட்டத்தில் இருக்கிற ஒரு சின்னக் கிராமத்துக்குப் போகவேண்டும்.

பரிசில் லாச்சப்பல் தெரியாத தமிழன் இல்லை. நேவ் சப்பல் தெரிந்தவர்கள் குறைவு. 1915 மார்ச் 10ஆம் திகதி காலை அங்கே பிரித்தானியப் படை தாக்குதலைத் தொடங்கியது. அதில் ஏறத்தாழப் பாதி இந்தியப் படைகள்: மீரட் டிவிசன், லாகூர் டிவிசன். முதல் 35 நிமிடத்தில் சுட்டுத் தள்ளிய குண்டுகள், மூன்று வருடம் நடந்த போவர் யுத்தம் முழுவதிலும் சுட்டதைவிட அதிகம் என்று சொல்வார்கள். கிராமம் அன்று காலையே விழுந்தது. ஆனால் அதற்கு மேல் நகர முடியவில்லை. தொடர்பு அறுந்தது, கட்டளைகள் பிந்தின, குண்டுகளும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. 13ஆம் திகதி நிறுத்தினார்கள். ஏறத்தாழ 4,200 இந்தியர்கள் செத்தும் காயப்பட்டும் போனார்கள்.

பிரித்தானியர் கணக்குப் போட்டது பழைய யுத்தங்களை வைத்து. சில மாதத்தில் முடியும், குதிரைப்படை ஓடும், பீரங்கி கொஞ்சம் உதவும் என்று. ஆனால் இரண்டு பக்கமும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு குந்திவிட்டார்கள். குழிக்குள் இருப்பவனைக் கிளப்ப ஷெல்லை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஷெல்லைச் செய்யவேண்டிய கைதேர்ந்த கடைச்சல்காரர்களோ, ஆயிரக்கணக்கில் தாங்களாகவே பட்டாளத்தில் சேர்ந்து அதே குழிகளுக்குள் இருந்தார்கள். சில பகுதிகளில் ஒரு பீரங்கிக்கு நாளொன்றுக்கு நாலைந்து குண்டு என்று பங்கீடு வைத்தார்கள். எங்கட சங்கக்கடைச் சீனி மாதிரி!

கைக்குண்டும் இல்லை. சிப்பாய்கள் வெறும் ஜாம் தகரங்களில் தாங்களே குண்டு கட்டினார்கள். ரிக்லர் என்ற கொம்பனியின் ஜாம்தான் அவர்களுக்கு அதிகம் வந்தது என்பதால், 'ரிக்லரின் பீரங்கிப்படை' என்று பகிடிப் பெயரும் வைத்தார்கள். அவற்றில் பல எறிந்தவன் கையிலேயே வெடித்தன. 1990க்குப் பிறகு மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் நாங்கள் ஜாம் போத்தலில் விளக்குச் செய்து அதில் படித்தோம். ஜாம் முடிந்த பிறகுதான் அதன் உண்மையான பயன் தொடங்குகிறது போலும்.

மே 9ஆம் திகதி பக்கத்தில் ஓபேர்ஸ் மேட்டில் மறுபடி தாக்கினார்கள். 40 நிமிடக் குண்டுவீச்சு. இருந்த குண்டுகளில் பெரும்பகுதி ஈயச் சிதறல் குண்டுகள். அவை வெளியில் நிற்கிற ஆட்களைக் கொல்லும்; மண்மேட்டையோ கொங்கிறீற்றையோ ஒன்றும் செய்யாது. முள்ளுக்கம்பிகள் பல இடத்தில் அப்படியே நின்றன. ஒரே நாளில் 11,000 பேருக்கு மேல் செத்தும் காயப்பட்டும் போனார்கள். அதைக் கண்ணால் பார்த்த ரெப்பிங்டன் என்ற நிருபர், தளபதி ஜோன் பிரெஞ்ச் கொடுத்த தகவலையும் வைத்து, மே 14ஆம் திகதி இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகையில் ஷெல் இல்லை என்று போட்டு உடைத்தார். மாதம் முடிவதற்குள் லிபரல் அரசாங்கம் போய்க் கூட்டரசாங்கம் வந்தது. யூனில் ஆயுத உற்பத்திக்கென்றே ஒரு அமைச்சு. அமைச்சர் லொயிட் ஜோர்ஜ். அடுத்த வருடக் கடைசியில் அவர் பிரதமர்.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. தட்டுப்பாட்டுக்கு முதலில் பழி விழுந்தது தொழிலாளர்கள் மேல். குடித்துவிட்டு வேலைக்கு வருவதில்லை, அதனால்தான் குண்டு இல்லை என்று லொயிட் ஜோர்ஜே மேடையில் பேசினார். அரசர் தானே குடியை விடுகிறேன் என்று அறிவித்தார். பப்புகளின் நேரத்தைக் குறைத்தார்கள். இங்கிலாந்தில் பின்னேரத்தில் பப் பூட்டுகிற வழக்கம் அப்போது வந்து 1988 வரை இருந்தது. இலண்டனில் ஆரம்பகாலத்தில் வந்திறங்கிய எங்கட ஆட்கள் மூன்று மணிக்குப் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று திட்டியதற்கு மூலகாரணம், கணக்குப் பிழைவிட்ட யுத்த மந்திரிமார்தான்!

சரி, தொழிற்சாலைகள் முளைத்தன. உருக்கு வந்தது, கடைச்சல் இயந்திரம் வந்தது, ஆட்கள் குறைந்த இடத்துக்குப் பெண்கள் வந்தார்கள். அப்போதுதான் ஒருவரும் எண்ணிப் பார்க்காத சாமான் முடியத் தொடங்கியது. தளபதிமார் துவக்கை எண்ணுவார்கள், ஆளை எண்ணுவார்கள். போத்தலில் இருக்கும் திராவகத்தை யார் எண்ணுவது? பிரித்தானியரின் புகையற்ற வெடிமருந்துக்குக் கோடைற் என்று பெயர். (ஊட்டி மலைரயிலில் குன்னூர் தாண்டி அருவங்காடு வருமே, அங்கே 1904 தொடக்கம் இருக்கிற தொழிற்சாலை இந்தக் கோடைற்றுக்காகவே கட்டியது.) அதைப் பசையாக்கி இழையாக இழுக்க அசற்றோன் வேண்டும். நகப்பூச்சு அழிக்கிறார்களே, அதே சாமான்தான். அதை மரத்தை வடித்து எடுத்தார்கள்; பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. தேவை ஏறியதும் வரத்துப் போதவில்லை.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கைம் வைஸ்மான் என்ற இரசாயன ஆசிரியர், மாப்பொருளைப் புளிக்கவைத்து அசற்றோன் தருகிற ஒரு பக்ரீரியாவைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். கிழக்கு இலண்டனில் ஒரு ஜின் வடிசாலையில் அதைப் பரிசோதித்தார்கள். வேலை செய்தது. 1916இல் ரொறன்ரோவின் குடர்ஹாம் அன்ட் வேர்ட்ஸ் வடிசாலையையும் இதற்கே மாற்றினார்கள். ரொறன்ரோ ஆட்கள் கிறிஸ்மஸ் சந்தை பார்க்க டிஸ்ரிலரி டிஸ்ரிக்ற் போவீர்களே, அதே செங்கல் கட்டடங்கள்தான். விஸ்கி நின்றது, சோளத்திலிருந்து வெடிமருந்துச் சாமான் ஓடியது.

1917இல் ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, சோளத்துக்கும் தட்டுப்பாடு. சாப்பிடவே தானியம் இல்லாத இடத்தில் அதைப் புளிக்கவைக்க முடியுமா? அப்போது யாரோ அண்ணாந்து மரத்தைப் பார்த்திருக்கிறார்கள். இங்கே தெருவெல்லாம் ஒக்ரோபரில் மண்ணிறமாய் மினுமினுத்துக்கொண்டு கொட்டிக் கிடக்குமே, மறோன் கொட்டை. மனிசர் சாப்பிட முடியாது. மாப்பொருள் மட்டும் உண்டு. அந்த இலையுதிர்காலம் பிரித்தானியா முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கொட்டை பொறுக்க விட்டார்கள். ஒரு அந்தருக்கு ஏழு சிலிங் ஆறு பென்ஸ். எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை, எதிரிக்குத் தெரிந்துவிடுமாம். விளையாட்டுக்கு வைத்திருந்த கொட்டைகளைப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். வண்டி போதாமல் ரயில் நிலையங்களில் குவிந்து அழுகியவை போக, 3,000 தொன் கிங்ஸ் லின் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1918 ஏப்ரலில் புளிக்கவைக்கத் தொடங்கினார்கள். கொட்டை சரிவரவில்லை. யூலையில் பூட்டிவிட்டார்கள்.

வைஸ்மான் பிறகு இஸ்ரேலின் முதல் சனாதிபதி ஆனார். அசற்றோனுக்குக் கைம்மாறாகத்தான் 1917 நவம்பரில் பல்பூர் பிரகடனம் கிடைத்தது என்று லொயிட் ஜோர்ஜ் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்தார். எங்கட இளவயதில் இந்தக் கதையைக் கேட்டு நாங்கள் எவ்வளவு கனவு கண்டோம்! ஒரு கெட்டிக்கார விஞ்ஞானி இருந்தால் ஒரு நாடு கிடைக்கும் என்று திண்ணையில் இருந்து கதைத்தவர்களில் நானும் ஒருவன். வைஸ்மானே அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை என்று தன் சுயசரிதையில் மறுத்திருக்கிறார் என்பதைக் கனகாலம் கழித்துத்தான் வாசித்தேன். அரசியல் லாபக் கணக்குகள் எத்தனையோ இருந்தன. ஒரு போத்தல் திராவகத்துக்காக வல்லரசு எதையும் எழுதிக் கொடுப்பதில்லை.

கோதுகளை நிரப்பிய கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஸ்கொட்லாந்து எல்லையில் கிரெட்னாவில் ஒன்பது மைல் நீளத் தொழிற்சாலை; 11,000க்கு மேற்பட்ட பெண்கள். அவர்கள் கையால் பிசைந்த மருந்துக் கலவையைப் பார்க்கப்போன கொனன் டொயில் அதைப் 'பிசாசின் கஞ்சி' என்றார். ஷெல்லுக்குள் ரிஎன்ரி அடைத்தவர்களுக்குத் தோல் மஞ்சளாகிவிடும். 'கனேரிப் பெட்டையள்' என்று ஊர் சொன்னது. சிலர் ஈரல் கெட்டுச் செத்தார்கள். 1916 டிசம்பர் 5ஆம் திகதி இரவு லீட்ஸ் நகருக்குப் பக்கத்தில் பார்ன்போ தொழிற்சாலையில் ஷெல் ஒன்று வெடித்து 35 பெண்கள் இறந்தார்கள். சிலரைக் கழுத்தில் இருந்த அடையாளத் தகட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதே அறையில் வேலை தொடங்கிவிட்டது. தணிக்கை இருந்ததால் போர் முடியும்வரை செய்தி வரவில்லை.

அவசரத்தில் செய்த குண்டு எப்படி இருக்கும்? 1916 சோம் சண்டைக்கு முதல் கிழமை மட்டும் ஏறத்தாழ 15 இலட்சம் குண்டு அடித்தார்கள். பெருந்தொகை வெடிக்காமல் மண்ணுக்குள் போய்விட்டது. இன்றைக்கும் இந்தப் பக்கத்து விவசாயிகள் உழும்போது கிளம்புகிறவற்றை வரம்போரம் வைத்துவிட்டு, அரசாங்க ஆட்களுக்கு ரெலிபோன் எடுக்கிறார்கள்.

திரும்பி வரும்போது நேவ் சப்பலில் காரை நிறுத்தினேன். 1927இல் திறந்த வட்டமான நினைவிடம். கல்லறை தெரியாத 4,700க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள். கப்பர் சிங் நேகியின் பெயரும் இருக்கிறது. அந்த முதல்நாள் சண்டையில் செத்து, பிறகு விக்டோரியா குறொஸ் வாங்கிய கர்வால் பெடியன். வயது இருபதைத் தாண்டவில்லை. மழை தூறியது. நாங்கள் மட்டும்தான் நின்றோம்.

மகள் பூ வைக்கவேண்டும் என்றாள். வேலியோரம் பறித்து வந்தாள். "அப்பா, அந்தச் சாடியை எடுத்துவாங்கோவன், தண்ணியில வைப்பம்" என்றாள்.

கார்த் திறப்பைத் தொலைத்துவிட்டது போல இரண்டு பொக்கற்றையும் தடவிக்கொண்டு நின்றேன். கடைசியில் பூவை நிலத்தில்தான் வைத்தோம்.