கரும்பச்சை ஜன்னலும் கங்கைக்கரை பெயிண்ட் டப்பாவும்

தங்கமணிக்குத் திடீரென்று கரும்பச்சை மேல் ஆசை வந்துவிட்டது. ஹாலில் ஒரே ஒரு சுவர் மட்டும் தரையிலிருந்து கூரை வரை பாட்டில் பச்சை, அதன் முன்னால் பித்தளைக் குத்துவிளக்கு. நியூஜெர்ஸியில் இருக்கும் மச்சினி வீட்டில் அப்படித்தானாம். பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை விரித்து ஆறு பச்சை காட்டினார்கள். எனக்கு ஆறும் ஒன்றாகத்தான் தெரிந்தது. (பி.காம். படித்துவிட்டு பாங்க்கில் உட்கார்ந்தவனுக்குத் தெரிந்த ஒரே கரும்பச்சை, பழைய லெட்ஜர் அட்டையின் பச்சை.)

வேடிக்கை என்னவென்றால், தங்கமணி தேடிய பச்சை எங்கள் வீட்டிலேயே இருந்தது. மாற்றலாகி ஹவுரா வந்ததிலிருந்து ஷிப்பூரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருக்கிறோம். வீட்டுக்கார மாஷிமாவின் மாமனார் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய வீடு. சிவப்பு சிமெண்ட் தரை. நம்மூர் ரெட் ஆக்சைடு தரை மாதிரியேதான், அதனால் முதல் நாளே அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. ஆளுயரத்துக்கு மர ஜன்னல்கள், எல்லாம் கரும்பச்சை. கதவில் சரிவாக அடுக்கிய மரப்பட்டைகள். நடுவில் நிற்கும் ஒரு குச்சியை மேலே தள்ளினால் எல்லாப் பட்டைகளும் ஒன்றாகத் திறக்கும், கீழே இழுத்தால் மூடும். இதற்கு வங்காளியில் 'கொட்கொடி' என்று பெயர். வெயில் வராது, காற்று வரும். உள்ளே இருப்பவருக்குத் தெரு தெரியும், தெருவில் போகிறவனுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது.

சத்யஜித் ராயின் 'சாருலதா' (1964) பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். தொடக்கத்தில் சாரு ஜன்னல் ஜன்னலாக ஓடி, பட்டை இடுக்கு வழியே பைனாகுலரில் தெருவைப் பார்ப்பாளே, அந்த ஜன்னல்தான். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் நமக்குப் பச்சை தெரியாமல் போயிற்று! ஜொராசாங்கோவில் தாகூர் வீட்டுக்குப் போனால் சிவப்புச் சுவரில் வரிசையாகப் பச்சை ஜன்னல்களை இன்றும் பார்க்கலாம். வட கல்கத்தாவிலும் ஹவுராவின் பழைய சந்துகளிலும் வீடு மஞ்சளோ வெள்ளையோ எதுவானாலும், ஜன்னல் பெரும்பாலும் பச்சைதான்.

ஏன் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி பச்சை? கண்ணுக்குக் குளிர்ச்சி என்பார் மாஷிமா. இருக்கலாம். ஆனால் நான் பார்ப்பது கணக்கு வழக்கு. என் கணக்கில் இதற்கு விடை பெயிண்ட் டப்பாவுக்குள் இருக்கிறது.

பழைய காலத்தில் நல்ல பச்சை கிடைப்பது குதிரைக் கொம்பு. 1775-இல் ஸ்வீடன்காரர் ஷீலே தாமிரத்தையும் ஆர்சனிக்கையும் சேர்த்து ஒரு பச்சை கண்டுபிடித்தார். அதற்கு அடுத்து வந்த எமரால்டு பச்சையும் அதே ஜாதிதான். ஐரோப்பாவில் சுவர்க் காகிதம், துணி, பொம்மை என்று எல்லாவற்றிலும் பூசினார்கள். ஆர்சனிக் என்றால் நம்ம பாஷாணம். படுக்கையறையில் பாஷாணம் ஒட்டித் தூங்கியிருக்கிறார்கள்! நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் இறந்ததற்கு அவர் அறைச் சுவர்க் காகிதத்தையே குற்றம் சொல்பவர்களும் உண்டு. சுவர்க் காகிதங்களுக்குப் பேர்போன வில்லியம் மாரிஸ், ஆர்சனிக் எடுத்த ஒரு சுரங்கக் கம்பெனியில் பங்குகள் வைத்திருந்தார், சில காலம் டைரக்டராகவும் இருந்தார். ஆளுக்கு இரண்டு பக்கமும் வருமானம்.

ஜன்னல் பச்சை இதிலிருந்து வரவில்லை. அது இரண்டு நிறங்களின் கலவை. ஒன்று பிரஷ்யன் நீலம். 1706 வாக்கில் பெர்லினில் ஒருவர் சிவப்புச் சாயம் காய்ச்சப் போய், தவறுதலாகக் கிடைத்த நீலம் அது. இன்னொன்று குரோம் மஞ்சள். 1797-இல் வோக்லான் என்ற பிரெஞ்சுக்காரர் குரோமியத்தைக் கண்டுபிடித்த பிறகு, அடுத்த நூற்றாண்டில் கடைக்கு வந்தது. இரண்டையும் கலந்தால் குரோம் பச்சை. நீலத்தைக் கூட்டினால் கரும்பச்சை. விலை மலிவு, மேலே அடித்தால் அடியில் இருப்பது தெரியாது, அழுக்கையும் காட்டாது. ரயில் எஞ்சினுக்கும் தொழிற்சாலை இயந்திரத்துக்கும் இதைத்தான் அடித்தார்கள். பெலிலியஸ் ரோடு பட்டறைகளில் பழைய லேத் மெஷின்களைப் பார்த்தால் எங்கள் ஜன்னலின் தம்பி மாதிரி இருக்கும்.

இங்கேதான் ஹவுரா வருகிறது. வங்காளம், பீகார் பக்கத்து ஆளிவிதை கல்கத்தாத் துறைமுகத்துக்கு மூட்டை மூட்டையாக வந்தது. ஆளிவிதை எண்ணெய் இல்லாமல் அந்தக் கால பெயிண்ட் கிடையாது. அரக்கும் இந்தப் பக்கத்துச் சரக்கே. 1902-இல் ஆற்றின் இந்தக் கரையில், ஷாலிமாரை ஒட்டி ஒரு பெயிண்ட் ஆலை தொடங்கினார்கள். அதுதான் ஷாலிமார் பெயிண்ட்ஸ். (கோரமண்டல் எக்ஸ்பிரஸ் 2022-லிருந்து ஹவுராவுக்குப் பதில் ஷாலிமாரில் இருந்து புறப்படுகிறதே, அதே ஷாலிமார். லக்கேஜோடு அங்கே போய்ச் சேர நாம் படும் பாடு தனிக் கதை.) 1923-இல் ஹேட்ஃபீல்ட்ஸ் என்று இன்னொரு சிறிய கம்பெனியும் ஹவுராவில் பெயிண்ட், வார்னிஷ், டிஸ்டெம்பர் செய்ய ஆரம்பித்தது. 1947-இல் அதை பிரிட்டிஷ் பெயிண்ட்ஸ் வாங்கியது. 1983-இல் பெர்ஜர் பெயிண்ட்ஸ் என்று பெயர் மாறியது. ஊரெல்லாம் விளம்பரப் பலகை வைத்திருக்கும் பெர்ஜரின் பூர்வீகம் ஹவுராதான் என்பது எனக்கே இங்கு வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் லூயிஸ் பெர்ஜர் 1760-இல் ஜெர்மனியிலிருந்து லண்டன் போய் முதலில் விற்றது என்ன தெரியுமா? பிரஷ்யன் நீலம். நம் பச்சையின் பாதி!

ஷாலிமாரின் ஹவுரா ஆலை 2014 மார்ச்சில் தீப்பிடித்து, உற்பத்தி நின்றுபோனது.

சரி, வீட்டுக்கு வருவோம். ஹால் சுவரோடு ஜன்னலையும் புதுசாக்கிவிடலாம் என்று மிஸ்திரியைக் கூப்பிட்டோம். ஒரு சனிக்கிழமை பாங்க்கிலிருந்து திரும்பினால், ஹால் முழுக்கப் பச்சைத் தூள் பறக்கிறது. மிஸ்திரி உப்புத்தாள் போட்டு ஜன்னலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். நாலு வயசுப் பொண்ணு தரையில் உட்கார்ந்து அந்தத் தூளில் விரலால் கோலம் போடுகிறாள்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. குரோம் மஞ்சள் என்பது லெட் குரோமேட். அதாவது ஈயம். சுத்தமான லெட் குரோமேட்டின் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம் ஈயம்தான். அந்தக் காலத்து எண்ணெய் பெயிண்ட்டில் சீக்கிரம் காய்வதற்கென்று தனியாகவும் ஈயம் சேர்ப்பார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது இது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் வீட்டு பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் 2016-இல்தான் வந்தது, 2017 நவம்பர் 1-இல் நடைமுறையானது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே 1978-லேயே தடை. அதற்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு எடுத்தால் ஈயம் பற்றி ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள், ஞாபகம் இருக்கிறதா?

பொண்ணைத் தூக்கிக்கொண்டு போய்க் கையைக் கழுவினேன், தலைக்குக் குளிப்பாட்டினேன். மிஸ்திரி "தாதா, நாப்பது வருஷமா இப்படித்தான் தேய்க்கிறேன்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. விளக்குமாறு எடுத்த தங்கமணியை நிறுத்தி, மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்தோம். துணியை மூட்டை கட்டித் தூக்கிப்போட்டோம். திங்கட்கிழமை லீவு போட்டு, டாக்டரிடம் சொல்லிப் பொண்ணுக்கு ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம். ரிசல்ட் வரும்வரை நான் தூங்கவில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை என்றார் டாக்டர்.

ஜன்னலைக் கழற்றிவிட்டு அலுமினியம் போடலாமா என்று மாஷிமாவிடம் கேட்டேன். முகம் வாடிப்போயிற்று. எழுத்தாளர் அமித் சவுத்ரி 2015-இல் கல்கத்தாவின் சாதாரணப் பழைய வீடுகளைக் காப்பாற்றச் சொல்லி இயக்கம் நடத்தியபோது, இந்தச் சிவப்புத் தரையையும் பச்சைக் கொட்கொடியையும்தான் எடுத்துச் சொன்னார். கழற்றினாலும் உடைக்கும்போது தூள் பறக்கத்தான் செய்யும். விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டதில், பெயிண்ட் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தைத் தொடாமல் இருப்பதுதான் முதல் மருந்து என்றார்கள். உரிந்த இடத்தில் மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, அதன்மேல் புது பெயிண்ட் அடித்து மூடிவிட வேண்டும். கீழே பிளாஸ்டிக் விரிப்பு, மூக்குக்கு மாஸ்க், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அப்படியே செய்தோம். பொண்ணையும் அம்மாவையும் நான்கு நாள் நண்பர் வீட்டுக்கு அனுப்பினேன். மிஸ்திரி முனகிக்கொண்டேதான் மாஸ்க் போட்டார்.

நிறம் பொருத்த, உரிந்து விழுந்த சில்லு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனேன். கடைக்காரர் வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைக் காட்டினார். ஐந்து பூச்சு, ஒன்றின்மேல் ஒன்றாக, ஐந்தும் பச்சை. அவருடைய மெஷின் கலந்து கொடுத்த பச்சையில் குரோம் மஞ்சளும் இல்லை, பிரஷ்யன் நீலமும் இல்லை. 1930-களில் வந்த தாலோ பச்சை என்ற தாமிரச் சாயத்தோடு கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் மஞ்சள். டப்பாவில் 'ஈயம் சேர்க்காதது' என்று போட்டிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் பில் போடச் சொன்னேன்.

ஜன்னலுக்கு ஆறாவது பூச்சு காய்ந்துவிட்டது. ஹால் சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஜன்னலே போதும் என்கிறாள் தங்கமணி. குத்துவிளக்கை அதன் பக்கத்தில் வைத்து மச்சினிக்குப் போட்டோ அனுப்பியாயிற்று.