ஓவேலியின் ஆக்டர்லோனிகள்: ஒரு குத்தகைக் குடும்பத்தின் வரலாறு

நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஜான் சல்லிவனில் தொடங்கி அவரிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. கோவை கலெக்டராக இருந்து 1819இல் மலையேறியவர் அவர். கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் நிற்கிறது. 1838இல் இறந்த மனைவியும் மகளும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்கள். கல்லும் காகிதமும் ஒருசேரக் கிடைக்கும் குடும்பத்தை எழுதுவது எளிது.

இங்கே எடுத்துக்கொள்ளும் குடும்பம் வேறு. கூடலூரை அடுத்து, நடுவட்டத்து மலைச்சுவரின் அடியில், ஒரு பேரூராட்சி அந்தக் குடும்பத்தின் பெயரைச் சுருக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு என்று வரைபடங்களில் இருந்ததுதான் இன்றைய ஓவேலி. அங்கே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு அந்த ‘ஓ’ யார் என்று தெரியாது. தெரிந்தவர்களும் சில சமயம் தவறான ஆளைக் காட்டுவார்கள்.

அந்தத் தவறான ஆளை முதலில் விலக்கிவிடலாம். இந்திய வரலாற்றில் இப்பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருபவர் சர் டேவிட் ஆக்டர்லோனி. அமெரிக்காவின் பாஸ்டனில் 1758இல் பிறந்து, கம்பெனிப் படையில் சேர்ந்து, டில்லியில் ரெசிடென்டாக இருந்து, 1814 முதல் 1816 வரை நடந்த நேபாளப் போரில் வென்றவர். கல்கத்தா மைதானத்தில் இவருக்காக எழுப்பிய உயர்ந்த தூணுக்குத்தான் 1969இல் சாகித் மினார் என்று பெயர் மாற்றினார்கள். இவர் மீரட்டில் இறந்தது 1825இல். கூடலூர்ப் பள்ளத்தாக்கில் காப்பி வைக்கப்பட்டது அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து. ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் வேறுபாடு உண்டு: டேவிட்டின் பெயரில் ஓ எழுத்தை அடுத்துச் சி வரும், நீலகிரிக்காரர்கள் இடையில் ஒரு யூ சேர்ப்பார்கள். எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்து அந்தக் காலக் குடும்பங்களைப் பிரிக்க முடியாது, எழுத்தர் கைபோன போக்கில் அது மாறும். ஆண்டுக்கணக்கு அப்படி மாறாது. இரு கிளைகளும் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஆங்கஸ் வட்டாரத்தைச் சுட்டுகின்றன என்பது வரை சொல்லலாம். அதற்கு மேல் நேரடி உறவு கற்பிக்க வேண்டிய தேவை இல்லை.

நம் பள்ளத்தாக்கோடு தொடர்புடையவர்கள் இரண்டு சகோதரர்கள். ஜான், சிப்பாய். ஜேம்ஸ், தோட்டக்காரர்.

ஜான் ஆக்டர்லோனி மதராஸ் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். சீனாவோடு நடந்த முதல் அபினிப் போருக்கு மதராஸிலிருந்து கப்பலேறிய துருப்புகளில் இவரும் உண்டு. 1842 ஆகஸ்டில் நான்கிங் உடன்படிக்கையோடு அந்தப் போர் முடிந்தது. இரண்டே ஆண்டுகளில், 1844இல், அந்தப் போரைப் பற்றிய இவருடைய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. அப்போது இவர் லெப்டினன்ட். புத்தகம் எழுதும் சிப்பாய் ஆராய்ச்சிக்காரனுக்கு வரப்பிரசாதம். இவரைப் போன்ற அதிகாரிகளின் வாழ்க்கையை லண்டனில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் தேடலாம். கம்பெனிப் படையில் சேர விரும்பிய இளைஞன் விண்ணப்பத்தோடு ஞானஸ்நானச் சான்றையும் இணைக்க வேண்டும், ஆகவே பெற்றோர் பெயர் கிடைக்கும். மதராஸ் மாகாணத்துத் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் படியெடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. ஊட்டியில் பதிவேடு கரையான் அரித்துப் போனாலும் லண்டனில் அதன் படி இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் வாழ்ந்த எந்த ஐரோப்பியக் குடும்பத்தின் மரத்தையும் இந்த வழியில் ஓரளவு வரைந்துவிடலாம். அதே காலத்தில் அதே மலையில் வாழ்ந்த மற்றவர்களுக்கு இந்த வசதி இல்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சீனாவிலிருந்து திரும்பிய ஜானுக்கு, கேப்டன் ஆன பிறகு, நீலகிரியை அளக்கும் வேலை கொடுக்கப்பட்டது. 1847இல் அவர் முடித்த சர்வே, மறு ஆண்டு மதராஸ் இலக்கிய அறிவியல் இதழில் நீண்ட அறிக்கையாக வந்தது. மலை எவ்வளவு உயரம், மண் எப்படி, எங்கே என்ன விளையும் என்பதோடு, மனிதர்களையும் எண்ணினார். தோடர் 337, கோத்தர் 307, படகர் 6,569. இன்று நீலகிரி மக்கள்தொகை வரலாறு எழுதும் எவரும் இந்த எண்களைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் இது யாருக்காக எடுத்த கணக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. நிலவரி விதிக்கவும், குடியேற வரும் ஐரோப்பியருக்கு எந்த நிலம் காலியாக இருக்கிறது என்று சொல்லவும் எடுத்த கணக்கு அது. எருமை மேய்க்கும் தோடருடைய நிலம், அளப்பவர் கண்ணுக்குக் காலி நிலமாகவே தெரியும்.

ஜான் அளந்தது மேட்டுநிலத்தை. ஓவேலி அப்போது நீலகிரியிலேயே இல்லை. அது மலபார் மாவட்டத்து வயநாட்டைச் சேர்ந்தது. 1873இல்தான் பள்ளத்தாக்கை நீலகிரியோடு சேர்த்தார்கள். கூடலூர், பந்தலூர் உள்ளிட்ட தென்கிழக்கு வயநாடு வந்து சேர்ந்தது 1877இல். இதைக் கவனித்தால், வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று ஆட்டம் காண்கிறது. சர்வே செய்த அண்ணனோ தம்பியோ மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கைக் கண்டு, உடன்பிறந்தவருக்குச் சொல்லி, அவர் வந்து காப்பி வைத்தார் என்பது அந்தக் கதை. ஜேம்ஸ் தோட்டம் தொடங்கியது 1845 என்று கொண்டால், சர்வே முடிவதற்கு இரண்டு ஆண்டு முன்பே காடு வெட்டியாகிவிட்டது. கோத்தகிரிப் பக்கம் எம்.டி. காக்பர்ன் 1843இல் காப்பித் தோட்டம் போட்டிருந்தார். வயநாட்டிலும் காப்பி பரவிக்கொண்டிருந்தது. காப்பிக்கு ஏற்ற உயரமும், மூன்று பக்கம் மலை மறைப்பும், நல்ல மழையும் உள்ள இடத்தை இந்தச் சூழலில் ஒருவர் தேடிப் போனதற்கு சர்வேயர் சகோதரரின் தரிசனம் தேவையில்லை. குடும்பக் கதைகள் ஒரு நாயகனையும் ஒரு மலையுச்சியையும் விரும்புகின்றன. ஆவணம் காட்டுவது சந்தை நிலவரத்தை.

அதைவிடப் பெரிய சான்று குத்தகை. ஜேம்ஸ் அந்தப் பள்ளத்தாக்கைக் கண்டுபிடித்துக் குடியேறவில்லை. நிலம்பூர் கோவிலகத்துத் திருமுல்பாட்டிடமிருந்து பெற்றார். மலைக்கு அடியில், இன்றைய மலப்புறம் மாவட்டத்தில் இருக்கும் நிலம்பூரின் அந்தக் கோவிலகம், மலபாரின் பெரிய ஜென்மி (பரம்பரை நிலவுடைமை) குடும்பங்களில் ஒன்று. பழசி ராஜா 1805இல் வீழ்ந்தபின் வயநாட்டில் அவருடைய நிலமெல்லாம் தனக்கே என்று கம்பெனி உரிமை கொண்டாடியது. என்றாலும் நம்பலாக்கோட்டைப் பகுதியில் நிலம்பூரின் ஜென்ம உரிமை நிலைத்தது. அங்குள்ள வேட்டைக்கொருமகன் கோவிலும் அந்த உறவின் அடையாளம். ஆக, துப்பாக்கியோடு முன்னே சென்ற சிப்பாய், பின்னால் கோடாரியோடு வந்த குடியேறி என்று அமெரிக்க எல்லைப்புறக் கதைகளில் வரும் வரிசை இங்கே பொருந்தாது. இங்கே குடியேறியவர் ஒரு ஜென்மியின் குத்தகைதாரர். கையெழுத்திட்டு, வாடகை கட்டி உள்ளே வந்தவர். அவர் கையெழுத்திட்ட காகிதத்தில் அங்கிருந்த பழங்குடியினரான பணியரும் காட்டுநாயக்கரும் தரப்பினர் அல்ல. ஆனால் அவர்கள் அங்கே இருந்தார்கள்.

குத்தகை நிலத்தில் தன் பரம்பரையை ஜேம்ஸ் குடும்பம் வேறு விதமாக நட்டது. தோட்டப் பெயர்களைப் பாருங்கள். கைண்ட் என்று ஒரு தோட்டம். ஆங்கஸில் அர்புரோத் நகருக்கு அருகே கார்மைலி என்ற சிற்றூரில் இருக்கும் ஆக்டர்லோனிகளின் பூர்விக வீட்டின் பெயர் அது. பதினேழாம் நூற்றாண்டிலேயே அந்த வீட்டுக்காரர் ஒருவர் தம் வட்டாரத்தைப் பற்றி விரிவான வருணனை எழுதியிருக்கிறார். ஊரை விவரித்து எழுதும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் ஜானுக்கு முன்பே இருந்தது போலும். பால்மேடீஸ் என்பதும் ஆங்கஸ் இடப்பெயரே. லாரிஸ்டன் என்ற தோட்டப்பெயரும் ஸ்காட்லாந்திலிருந்து வந்ததுதான். இந்தப் பெயர்கள் வம்சாவளிக்கு நிரூபணம் ஆகிவிடுமா? ஆகாது. ஒருவர் எந்த வேரைச் சொல்லிக்கொள்ள விரும்பினார் என்பதற்குத்தான் பெயர் சாட்சி. பூர்விக வீடு இன்னொரு கிளையின் கையில் இருக்கும்போது, கூடலூர்க் காட்டில் அதே பெயரில் இன்னொன்றை உருவாக்கிக்கொள்ளும் ஆசையை அதில் படிக்கலாம்.

காப்பி சில பத்தாண்டுகள் பணம் கொட்டியது. வேலைக்கு மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்களையும் தமிழ்ச் சமவெளிக்காரர்களையும் மேஸ்திரிகள் முன்பணம் கொடுத்துத் திரட்டி வந்தார்கள். லயன் வரிசைகள் எழுந்தன. பணியர்கள் ஏற்கெனவே ஜென்மிகளிடமும் செட்டிகளிடமும் ஆண்டுக் கடனுக்குக் கட்டுண்டவர்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் அவர்களை ஆண்டுக்கணக்கில் பேசி எடுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பெரட்டில் (தினசரி ஆள் கணக்கெடுப்பில்) பேர் வாசிக்கப்பட்ட இந்த மனிதர்களின் பெயர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் கூலிக் கணக்காக மட்டும் தங்கியது. தகப்பன் பெயர் அதில் தேவைப்படவில்லை.

பிறகு இலைநோய் வந்தது. 1869இல் இலங்கையில் காணப்பட்ட அந்தப் பூஞ்சை சில ஆண்டுகளில் வயநாட்டையும் பிடித்தது. துளைப்பான் வண்டும் சேர்ந்துகொண்டது. நடுவட்டத்தில் அரசே சின்கோனா வளர்த்ததால் பள்ளத்தாக்கிலும் அதை வைத்துப் பார்த்தார்கள். (நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் மலாய்ப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் வேலை செய்தார்கள். அவர்களில் சிலர் விடுதலைக்குப் பின் தமிழ்ப் பெண்களை மணந்து அந்தச் சரிவிலேயே தங்கியதை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். சீனப் போரை எழுதிய ஜானின் குடும்பத் தோட்டத்துக்கு நேர் மேலே சீனர்கள் காய்கறி பயிரிட்டுப் பிழைத்தார்கள். அந்தக் கலப்புக் குடும்பங்களின் வரலாறு தனியே ஒரு ஆய்வுக்குரியது.) 1880 வாக்கில் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்க வேட்டை கிளம்பி, லண்டன் முதலீட்டாளர்களின் பணத்தைக் கரைத்து, இரண்டு மூன்று ஆண்டில் அடங்கியது. இத்தனைக்கும் நடுவே ஓவேலி தோட்டங்கள் பிழைத்துக் கிடந்து, மெல்லத் தேயிலைக்கு மாறின.

குடும்பம் மாறியது வேறு விதத்தில். ஜேம்ஸின் காலத்துக்குப் பின் சொத்து வாரிசுகளுக்காக ஒரு டிரஸ்டின் கையில் போனது. பின் 1938 என்ற ஆண்டைத் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட ஒரு கம்பெனியின் கைக்கு. ஆள் போய் அறக்கட்டளை, அது போய்க் கம்பெனி. இந்த இடத்தில் வம்சாவளி ஆராய்ச்சியாளர் நின்று, இனிக் கல்லறைகளை விட்டுவிட்டுப் பத்திரங்களைப் பின்தொடர வேண்டும். ஆக்டர்லோனி குடும்பத்தின் உண்மையான தொடர்ச்சி அதன் பிள்ளைகளிடம் இல்லை. ஜேம்ஸ் பெற்ற குத்தகையிடம் இருக்கிறது. பேரன்கள் பள்ளத்தாக்கை விட்டுப் போன பின்னும் குத்தகை போகவில்லை.

அது எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1969இல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி சுமார் 80,000 ஏக்கர் ஜென்ம நிலம் ரயத்துவாரிக்கு, அதாவது அரசுக்கு நேரடியாக வரி கட்டும் முறைக்கு, மாற வேண்டும். தோட்டக் கம்பெனிகள் வழக்குத் தொடர்ந்தன. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்று, காடுகளை அரசு எடுத்துக்கொள்ளும் பகுதியை மட்டும் செல்லாது என்றது. வழக்கின் பெயர் பால்மேடீஸ் பிளான்டேஷன்ஸ். சட்டத்தைக் காப்பாற்ற அதை 1974இல் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தார்கள். அப்படிச் சேர்த்தது சரியா என்ற கேள்விதான் ஐ.ஆர். கொயலோ வழக்காக ஒன்பது நீதிபதிகள் முன் சென்று, 2007 ஜனவரியில் அடிப்படை உரிமைகள் பற்றிய பெரிய தீர்ப்பாக முடிந்தது. சட்டக் கல்லூரியில் அதைப் படிக்கும் மாணவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு காப்பிப் பள்ளத்தாக்கின் பக்கத்து வழக்கு என்று தெரியுமோ! நிலம் கொடுத்த தரப்பும் சும்மா இல்லை. கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதைக் கண்டு 1995இல் உச்ச நீதிமன்றத்தை நாடிய டி.என். கோதவர்மன், நிலம்பூர் கோவிலகத்துத் திருமுல்பாடு. நாடு முழுக்கக் காடு எது என்பதை வரையறுத்த 1996 டிசம்பர் ஆணை அவர் மனுவில் பிறந்தது.

ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தோட்டத்துக்குக் குத்தகை விடப்பட்ட நிலங்களைப் பற்றியது. கூடலூரில் ‘செக்‌ஷன் 17 நிலம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். பட்டா கிடைக்காது, வீட்டுக்கு மின்இணைப்புக்கூடப் பல இடங்களில் மறுக்கப்பட்டது. 1964இன் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர், கேரளத்திலிருந்து வந்த விவசாயிகள், தலைமுறையாய் இருக்கும் பழங்குடிகள் எல்லோரும் இந்த ஒரே பிரிவின் கீழ் சிக்கிக்கொண்டார்கள்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவர்களைப் பிரித்துப் பார்க்கிறது. பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து அங்கே இருந்ததைக் காட்டினால் போதும். மற்றவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்ட வேண்டும். 1960களிலும் 70களிலும் கப்பலில் வந்திறங்கியவரால் அந்த நாளுக்கு முந்தைய 75 ஆண்டைக் காட்ட இயலாது. சட்டத்தின் விதிகள் ஏற்கும் சான்றுகளின் பட்டியலில் கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், முதியோர் வாக்குமூலம் ஆகியவற்றோடு, பழைய நில ஆவணங்களில் பெயர் உள்ளவர்களோடு இணைக்கும் வம்சாவளியும் இருக்கிறது. பணியர் குடும்பமொன்று அந்த வம்சாவளியை எழுத உட்கார்ந்தால், 1845க்கான நில ஆவணத்தில் இரண்டு பெயர்களே கிடைக்கும்: குத்தகை கொடுத்த திருமுல்பாடும் அதை வாங்கிய ஆக்டர்லோனியும். எனவே ஓவேலியில் அடுத்து நடக்க வேண்டிய குடும்ப வரலாற்று ஆய்வு தொடங்கவேண்டிய இடம் புனித ஸ்டீபன் தேவாலயப் பதிவேடு அல்ல; தோட்ட அலுவலகங்களில் மிஞ்சியிருக்கும் செக்ரோல் புத்தகங்களும், தோட்ட எல்லைக்குள் இருக்கும் இடுகாடுகளும், அவற்றைக் கைகாட்டக்கூடிய முதியவர்களும்.